இரண்டு மழைக்கு நடுவே அடீனியம்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

மே மாதம் முடியப் போகிறது என்றால் தக்கலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்கிவிடும். மொட்டை மாடியில் இருக்கும் 14 அடீனியம் சட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, சன்ஷேடுக்குக் கீழே வரிசையாக வைப்போம். பழைய ஆட்கள் இடவப்பாதி என்று சொல்லும் ஜூன் மழை வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். குமரி மாவட்டத்தில் அடீனியம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேலையைத்தான். உரம், கவாத்து எல்லாம் அப்புறம்.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களும் அரேபியாவும்தான் இந்தச் செடியின் சொந்த ஊர். ஏமன் நாட்டு ஏடன் நகரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான் அடீனியம் என்ற பெயர். மாதக்கணக்கில் மழை இல்லாமல் இருக்க வேண்டியிருப்பதால், தண்ணீரை அடித்தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அடிப்பகுதி பானை மாதிரி உப்பியிருக்கிறது. அந்த உப்பலும், அதன் உச்சியில் பூக்கும் இளஞ்சிவப்புப் பூக்களும் சேர்ந்ததுதான் இதன் அழகு.

நமக்கோ ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. சென்னையில் இருக்கும் நண்பர்கள் தரும் குறிப்புகள் ஒரு பெரிய மழைக்காலத்தை மனதில் வைத்துச் சொல்பவை. அவற்றை அப்படியே இங்கே பின்பற்றித்தான் முதல் வருடம் நான் மூன்று செடிகளை இழந்தேன். மூன்றும் வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே அழுகியிருந்தன.

மாவட்டத்துக்குள்ளேயும் ஊருக்கு ஊர் கதை மாறும். ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் சித்தி வீட்டில் செடிகள் வருடம் முழுக்கத் திறந்த வெளியில்தான் நிற்கின்றன. அங்கே மழை குறைவு, காற்று அதிகம். காற்றாலைகள் நிற்கும் அந்தக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது சட்டி கவிழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் அதை நம்பி வெளியே விட்டால் ஒரே மாதத்தில் செடி போய்விடும். "உனக்கு ஒழுங்கா வளக்கத் தெரியல மக்களே" என்று சித்தி முன்பெல்லாம் சொல்வார். ஒரு ஜூலையில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கிப் போன பிறகு அப்படிச் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: செடி வாங்குதல்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாங்குங்கள். மழை முடிந்து வெயில் ஏறும் காலம். அடுத்த மழைக்குள் வேர் பிடிக்க மூன்று, நாலு மாதம் கிடைக்கும். மே கடைசியில் பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள்.

கடையில் செடியின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சை மாங்காயை அழுத்துவது போலக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று உள்ளே போனால் அது அழுகல், வேண்டாம்.

அடுக்குப் பூ, கறுப்பு கலந்த சிவப்புப் பூ என்று விற்பவை பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். முதல் செடியாக ஒற்றை அடுக்குப் பூ உள்ள சாதாரண வகையே நல்லது. அடுக்குப் பூ மழைத்துளியைத் தாங்கிக்கொண்டு நின்று மொட்டிலேயே அழுகும். ஒட்டுச்செடி வாங்கினால், ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

படி 2: மண் கலவை

இங்கே கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

கடையிலிருந்து வரும் செடி பலமுறை வெறும் தென்னை நார்த்தூளில் நட்டதாக இருக்கும். எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி. ஆனால் அது தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு வாரம் ஆனாலும் காயாது. நான் இழந்த மூன்று செடிகளும் அந்தத் தூளிலேயே இருந்தவை. ஆகவே வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் மண்ணை மாற்றிவிடுங்கள்.

நான் கலக்கும் அளவு இது: கழுவிய எம்-சாண்ட் 4 பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு 2 பங்கு, சிரட்டைக்கரித் துண்டு 1 பங்கு, நன்றாக மக்கிய சாணத்தூள் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு. எம்-சாண்டைக் கழுவுவது முக்கியம். அதிலிருக்கும் மாவு போன்ற தூள் கழுவாமல் விட்டால் சட்டிக்குள் சிமெண்டு போல இறுகிவிடும். வாளியில் போட்டு, கலங்கல் நீர் தெளியும்வரை நாலைந்து முறை அலசுங்கள்.

முற்றத்துச் செம்மண்ணைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். மேற்குப் பகுதிச் செம்மண்ணில் களி அதிகம், நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். சேர்க்காமல் இருப்பதே நல்லது.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கையெட்டும் தூரத்தில் கடல் இருப்பதால் இந்த எண்ணம் எல்லோருக்கும் வரும். உப்பு வேரைக் கருக்கிவிடும். அதோடு மணவாளக்குறிச்சி பக்கத்துக் கரையில் இருப்பது இல்மனைட், மோனசைட் கலந்த கனிம மணல். மோனசைட்டில் தோரியம் உண்டு. வீட்டுச் சட்டிக்குள் கொண்டுவரும் பொருளே அல்ல.

கலவை சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. சட்டியில் நிரப்பி ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீங்கள் பத்து எண்ணி முடிப்பதற்குள் அடியில் ஒழுக வேண்டும். மேலே தேங்கி நின்றால் இன்னும் ஓட்டுத் துண்டு சேருங்கள்.

படி 3: சட்டியும் நடுதலும்

மண் சட்டிதான் என் விருப்பம். பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். ஆழம் குறைவாக, வாய் அகலமாக இருக்கட்டும், காற்றில் சாயாது. செடியின் அடித்தண்டைவிட இரண்டு, மூன்று அங்குலம் அகலம் போதும். அடித்துளை ஒன்றுதான் இருந்தால் இன்னும் இரண்டு துளை போடுங்கள். சட்டிக்கடியில் தட்டு வைக்காமல், மூன்று செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வையுங்கள்.

பழைய நார்த்தூளை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு, அறுந்த வேர்களைக் கத்தரித்து, செடியை நிழலில் மூன்று நாள் அப்படியே போட்டு வையுங்கள். பயப்படாதீர்கள், அது தாங்கும். வெட்டுக்காயம் காய்ந்த பிறகு நட்டு, அடுத்த ஐந்து நாள் தண்ணீர் விடாமல் இருங்கள். முதல்முறை செய்கிறவர்களுக்கு இந்த ஐந்து நாள்தான் கஷ்டம், கை பரபரக்கும். ஈரமான காயத்தின் வழியாகத்தான் பூஞ்சை நுழைகிறது என்பதை நினைத்துக்கொண்டால் கை நின்றுவிடும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டி மாற்றும்போது செடியை ஓர் அங்குலம் மேலே உயர்த்தி நடுங்கள். மண்ணுக்குள் தடித்த வேர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும்.

படி 4: வெயில்

நாளுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே வீடு இருப்பவர்களுக்கு முற்றத்தில் இது கிடைக்காது, மாடிக்குத்தான் போக வேண்டும். நிழலில் செடி சாகாது, ஆனால் ஒல்லியாக நீண்டு இலை மட்டும் விடும், பூ வராது.

படி 5: தண்ணீர்

தென்னை ஓலை ஈர்க்கில் ஒன்றைச் சட்டியின் அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு ஈரமாக வந்தால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து வந்தால், அடியில் ஒழுகும்வரை தாராளமாக ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது தவறு. ஏப்ரல் வெயிலில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். மழைக்காலத்தில் சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம்.

அடித்தண்டு மெத்தென்று ஆனால் என்ன அர்த்தம்? கோடையில், சட்டி காய்ந்திருக்கும்போது, சுற்றிலும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் அது தாகம். ஊற்றிய சில நாளில் விறைத்துவிடும். மழைக்குப் பின், மண் ஈரமாக இருக்கும்போதே மெத்தென்று இருந்தால் அழுகல். ஈரமான சட்டியில் செடி வாடுவதைப் பார்த்து மேலும் தண்ணீர் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அழுகல் என்று தெரிந்தால் அன்றைக்கே செடியைப் பிடுங்குங்கள். சுத்தமான கத்தியால் பழுப்பான பகுதியை, வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி எடுங்கள். ஒரு பழுப்புப் புள்ளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசி, காற்றோட்டமான நிழலில் பத்து நாள் கட்டித் தொங்கவிட்டு, பிறகு உலர்ந்த கலவையில் நடுங்கள். என்னிடம் இப்போது இருப்பதில் மிக அழகான செடி, பாதி அடித்தண்டை இழந்து பிழைத்தது. ஒரு பக்கம் குகை மாதிரி குழிந்திருக்கும்.

படி 6: கவாத்து

பூ வருவது கிளை நுனியில். நுனி எத்தனையோ, பூங்கொத்தும் அத்தனை. தை கடைசியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தி, சாய்வான வெட்டு, அன்று மழையோ பனியோ படாத இடம். ஒரு வெட்டிலிருந்து இரண்டு, மூன்று தளிர் கிளம்பும். பங்குனி, சித்திரையில் பூ பார்க்கலாம்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். இது அரளிக் குடும்பத்துச் செடி. ஏமனுக்குப் போன பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்த முதல் பெயரே அரளி இனத்தில்தான் இருந்தது. அவர் இறந்த பிறகு, 1775-ல் அவருடைய குறிப்புகள் அச்சில் வந்தன. அரளியைப் போலவே இதன் சாற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். சாறு கண்ணில் படக் கூடாது. வெட்டிய கிளைகளை ஆடு, மாடு மேயும் இடத்தில் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

படி 7: உரம், பூச்சி

உரம் எளிது. பிப்ரவரி முதல் மே வரை, 15 நாளுக்கு ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்). மழைக்காலத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஒரு நாள் காலையில் இலை எல்லாம் காணாமல் போய், தரையில் மிளகு போன்ற எச்சம் கிடந்தால், அரளிப்புழு வந்திருக்கிறது. விரல் தடிமனில் பச்சையாக, தலைக்குப் பின்னே நீலக்கண் போல இரண்டு புள்ளியோடு இருக்கும். மருந்து அடிக்கத் தேவையில்லை. இலையின் அடியில் தேடினால் அகப்படும். நான் எடுத்து வேலி ஓரத்து அரளியில் விட்டுவிடுவேன், அதற்கும் அதுதான் உணவு. பச்சையில் வரி வரியாக அழகான அந்திப்பூச்சியாக மாறும், கொல்ல மனம் வராது. இலை போன செடி மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடியுங்கள்.

படி 8: விதை

கிளை நட்டாலும் வேர் பிடிக்கும், ஆனால் அடித்தண்டு அழகாக உப்பாது. விதைதான் சிறந்தது. காய் ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டையாக வரும். முற்றினால் வெடித்து விதை பறந்துவிடும், இரு முனையிலும் பஞ்சு இருக்கிறதே! காய் நிறம் மாறத் தொடங்கியதும் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

புது விதையை மணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்த தட்டில் படுக்க வைத்து, மெல்லிசாக மூடித் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஆறு இலை வந்ததும் தனிச் சட்டிக்கு மாற்றலாம். மாசியில் விதைத்தால் ஜூனுக்குள் சுண்டுவிரல் தடிமன் வந்துவிடும். முதல் மழைக்காலத்தில் அந்தக் கன்றுகளை மட்டும் சன்ஷேடையும் நம்பாமல், வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். மழை விட்ட பின் வெளியே எடுக்கும்போது முதல் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் போதும். பழகாத கன்றின் தண்டு உச்சி வெயிலில் வெந்துபோகும்.