புண்ணில் ஒட்டிய கட்டைப் பிரித்து மாற்றும் முறை

முதலில் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை கழுவி, கையுறை போடுங்கள். தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரியை முடி வளரும் திசையில் மெல்ல உரியுங்கள். காஸ் (புண்மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி) ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. புதிதாக வளர்ந்த சதையும் பிய்ந்து வந்துவிடும். 0.9 சதவீத சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டால் தானாகவே கழன்று வரும். பழைய கட்டை அகற்றியதும் கையுறையைக் கழற்றி, மறுபடி கை கழுவி, புதுக் கையுறை போடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

தையல் போட்ட காயமென்றால் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு துடைப்புக்கு ஒரு காஸ். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கிருமிநாசினி வேண்டாம். நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவது போலிருக்கும், ஆனால் புண்ணை ஆற்றும் செல்களையும் அது கொல்கிறது. சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்தி, புதுக் கட்டுப் போடுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.