விடுவித்த நினைவகத்தை டிரைவர் தொட்டால் என்ன ஆகும்? செய்து பார்ப்போம்

தண்டையார்பேட்டையில் தண்ணி லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் குடம் வரிசை கட்டும். மூன்றாவது குடம் உங்களுடையது. "அரை மணி கழிச்சு வந்து மூணாவது குடத்தைத் தூக்கிட்டு வாடா" என்று தம்பியிடம் சொல்கிறீர்கள். நடுவில் தண்ணீர் கிடைத்துவிட, நீங்களே குடத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். காலியான இடத்தில் எதிர்வீட்டு அக்கா குடம் வைக்கிறார். தம்பி வருகிறான், எண்ணுகிறான், அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். அதற்குள் ஓடும் டிரைவர் என்ற மென்பொருள், விடுவித்த நினைவகத்தை இப்படிப் பழைய முகவரியை நம்பித் தொடுவதன் பெயர் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. ஆண்ட்ராய்டில் ஆப்கள் தகவல் பரிமாற உதவும் பைண்டர் டிரைவரில் இருந்த சிவிஇ-2019-2215 என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த வகைதான். அதை வைத்து ஒரு ஆப் போனையே கைப்பற்ற முடிந்தது.

படி 1: சொந்தக் கணினியில் வேண்டாம், விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போடுங்கள்.

படி 2: கெர்னல் ஹேக்கிங் மெனுவில் மெமரி டீபக்கிங் பகுதிக்குப் போய் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசானை (KASAN) இயக்கி, கெர்னலை பில்ட் செய்யுங்கள். லினக்ஸ் 4.0 (2015) முதல் இது உண்டு. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்கேட்டுக்கு எடுத்துக்கொள்ளும், அதனால் ராம் தாராளமாகக் கொடுங்கள்.

படி 3: கெர்னலில் ஏற்றக்கூடிய சின்ன மாட்யூல் எழுதுங்கள். தொடக்க ஃபங்ஷனில் கேமேலக் (kmalloc) மூலம் 64 பைட் நினைவகம் வாங்கி, அதில் எழுதும் வேலையை 5 நொடி கழித்து நடக்கும்படி ஷெட்யூல் செய்து, உடனே கேஃப்ரீ (kfree) போட்டு நினைவகத்தை விடுவியுங்கள்.

படி 4: இன்ஸ்மாட் (insmod) கட்டளையால் மாட்யூலை ஏற்றி, 5 நொடி கழித்து கெர்னல் லாக் பாருங்கள். இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். தவறாகத் தொட்டது கேவொர்க்கர் (தள்ளிப்போட்ட வேலையைச் செய்யும் கெர்னல் த்ரெட்) என்று மேலே இருக்கும். கீழே இரண்டு பட்டியல்: வாங்கியது யார், விடுவித்தது யார். இரண்டிலும் இன்ஸ்மாட். தம்பி, நீங்கள், குடம் எல்லாம் ஒரே திரையில்! கேசான் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் சத்தமே வராது. அதுதான் எனக்குப் பயம்.

படி 5: சரிசெய்வோம். முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரை நல் (NULL, அதாவது வெறுமை) ஆக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, வேலை ஏற்கெனவே பழைய முகவரியைக் கையில் எடுத்திருக்கலாம். கேஃப்ரீக்கு முந்தைய வரியில் கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க் (cancel_delayed_work_sync) போடுங்கள். தம்பி கிளம்பவில்லை என்றால் நிறுத்தும். கிளம்பிவிட்டால் முடியும்வரை காத்திருக்கும்.

அப்புறம், இரண்டு வரியையும் இடம் மாற்றிப் போட்டாலும், 5 நொடிக்கு முன்பே வேலை நிறுத்தப்படுவதால், இந்த மாட்யூலில் லாக் அமைதியாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். தவறான தொடுதல் உண்மையில் நடந்தால்தான் கேசான் வாய் திறக்கும்.