திரைத்துணியில் விட்டில்களைக் காணோம்

மார்கழியில் எங்கள் தென்னந்தோப்புக்கு வரும் ஆறுமணிக்குருவி, பழுப்புக் கீச்சான், தகைவிலான் எல்லாவற்றையும் பறவைப் பட்டியல் பதியும் இணையதளமான ஈபேர்டில் பதிவது சுலபமாக இருந்தது, விடியற்காலையில் பதினைந்து நிமிடம் நடந்தால் ஒரு பட்டியல் ஆகிவிடும், விட்டில்பூச்சிகள்தான் பிடிபடவே இல்லை. அவற்றை வரவழைத்துப் படமெடுக்க, மோட்டார் ரூம் சுவரோரம் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, வீட்டு எல்இடி பல்பையே போட்டு வைத்திருந்தேன். வந்தவை கொஞ்சம். அவையும் காலையில் இல்லை, துணிக்கு அடியில் இறக்கைகள் மட்டும் கிடந்தன.

பல்பு சரியில்லை என்பது முதலில் புரிந்தது. விட்டில்களைப் புறஊதா ஒளிதான் நன்றாக இழுக்கும், சாதாரண எல்இடியில் அது அனேகமாக இருக்காது. புறஊதாக் குழல்விளக்கு மாட்டியதும், அதுவும் அமாவாசையை ஒட்டிய இரவுகளில், துணியே தெரியாத அளவுக்கு வந்தன.

ஆனால் இறக்கைகள்? ஒருநாள் ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தேன். கரிச்சான்! கம்பியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது, பின்னாலேயே ஒரு குண்டுகரிச்சானும். நான் விரித்த துணிதான் விட்டில்களைக் கொன்றது என்பது மனதை உறுத்தியது.

இப்போது ஏழு முதல் பத்து மணிவரைதான் விளக்கு. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, அணைத்துவிட்டு, துணியைச் செடிகளின் மேல் மெல்ல உதறி, சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறேன். அப்புறம் ஒரு இறக்கைகூட அங்கே கிடக்கவில்லை. கரிச்சான் மட்டும் இன்னும் அதே கம்பிக்கு வருகிறது, அதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.