ஊமைப்படக் காமெடி போடுகிறீர்களா? முதலில் ரிமோட்டைத் தேடுங்கள்

முதல் தடவை நான் சொதப்பினேன். ஊமைப்படக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனைப் பற்றி வீட்டில் ஒரு வாரமாக அளந்துவிட்டு, ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவருடைய 'தி ஜெனரல்' படத்தைப் போட்டேன். ரயிலை வைத்து எடுத்த ஒன்றே கால் மணி நேரப் படம். பத்து நிமிடத்தில் பெரியவன் போனை எடுத்தான், இருபது நிமிடத்தில் அம்மாவிடமிருந்து குறட்டை வந்தது, அதற்கப்புறம் நானும் அந்த ரயிலும்தான் முழித்திருந்தோம். இப்போது அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் "அந்தத் தொப்பிக்காரன் படம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நடுவில் என்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ரிமோட்டில் 'ஜூம்', 'ஸ்ட்ரெச்' மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரம், 4:3. நம் டிவி 16:9. டிவி தானாகவே திரையை நிரப்பப் பார்க்கும்; இழுத்தால் சாப்ளின் குண்டாகிவிடுவார், ஜூம் செய்தால் மேலே தொப்பியும் கீழே காலும் போய்விடும். இந்த வகைக் காமெடி பாதி காலில்தான் நடக்கிறது. வழுக்குவதும், இடறுவதும், மூலையில் திரும்பும்போது ஒற்றைக் காலில் சறுக்கி நிற்பதும் தெரியாவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

அடுத்தது பிரதி. 1929க்கு முந்தைய அமெரிக்கப் படங்களுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது, அதனால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அதனாலேயே யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏற்றி வைத்திருப்பார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, கண் வாய் தெரியாத பிரதி என்றால் உடனே மூடிவிட்டு வேறொன்று தேடுங்கள். வேகத்தையும் பாருங்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள், திரையில் ஓடும்போது ஆட்கள் பறப்பார்கள். அது அவர்கள் செய்த குறும்பு, அப்படியே இருக்கட்டும். ஆனால் சும்மா உட்கார்ந்து பேசும் காட்சியிலும் எல்லோரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி துடித்தால், பிரதியைத் தப்பான வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கலர் பூசியது வேண்டாம். விழும்போதெல்லாம் 'டொய்ங்' என்று சத்தம் சேர்த்தது வேண்டவே வேண்டாம். (விழுந்து, அடிபட்டுச் சிரிக்க வைக்கும் இந்த வகைக் காமெடிக்கு உள்ள ஸ்லாப்ஸ்டிக் என்ற பெயரே சத்தத்திலிருந்து வந்ததுதான், பழைய இத்தாலிய மேடைக் கோமாளிகள் இரண்டு பட்டைகளைச் சேர்த்துச் செய்த கட்டையால் அடிப்பார்கள், சத்தம் பெரிதாக வரும், வலி இருக்காது. இருந்தாலும் ஊமைப்படத்துக்கு ஒரு பியானோ போதும்.)

சரி, எதில் ஆரம்பிப்பது? என் ஓட்டு கீட்டனின் 'ஒன் வீக்', 1920இல் வந்தது. இருபது நிமிடம் சொச்சம்தான், எல்லோரும் முழித்திருக்கும்போதே முடிந்துவிடும். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு, பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் ஒரு வீடு பரிசாகக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணை அடைய முடியாத ஒருத்தன் பெட்டிகளின் நம்பரை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டன் பாவம், நம்பர்படியே கட்டுகிறார். கோணல் மாணலாக ஒரு வீடு எழும்பி நிற்கிறது. புயலில் அது ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. அப்புறம்தான் தெரிகிறது, தப்பான மனையில் கட்டிவிட்டார்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தியாக வேண்டும். நகர்த்தும்போது சரியாகத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் பேசக் கூடாது. "இப்ப பாருங்க" என்று சொல்வதைப் போல ஒரு துரோகம் கிடையாது. இருவரும் தள்ளிப் பார்த்து, முடியாமல், கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அம்மா "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிட்டது. அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

கவனித்துப் பாருங்கள், கேமரா தள்ளி நிற்கிறது, வீடு தண்டவாளம் ரயில் மூன்றும் ஒரே ஃப்ரேமில் இருக்கின்றன, கண்ணை ஏமாற்ற நடுவில் வெட்டு இல்லை. இன்றைக்கு ஒருத்தர் விழுந்தால், விழும்போது ஒரு ஷாட், முகத்துக்கு ஒரு ஷாட், பார்ப்பவர்களுக்கு நாலு ஷாட். அவர் விழுந்தார் என்று நாமாகவே நம்பிக்கொள்ள வேண்டும். இங்கே நடப்பது கண்ணெதிரே நடக்கிறது, நூறு வருஷம் ஆனாலும் அதற்கு வயசு தெரியாததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் "இது கிராஃபிக்ஸா?" என்று கேட்பார்கள். படம் முடிந்த பிறகு பதில் சொல்லுங்கள், அடுத்த படத்துக்கு அதுதான் தூண்டில். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகச் சாய்ந்து கீட்டன் மேல் விழும்; மாடி ஜன்னல் திறந்திருக்கும், அவர் நிற்கும் இடத்தில் அந்த ஜன்னல் சரியாக வந்து இறங்கும். உண்மையான கனத்த சுவர், சுற்றிலும் சில அங்குலம்தான் இடைவெளி. அதே காலத்துக் காமெடி நடிகர் ஹெரால்ட் லாயிட் கட்டடத்துக் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்' (1923) விஷயத்தில் பொய் சொல்ல வேண்டாம். உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில் செட் போட்டு, கீழே தெரு தெரிகிற கோணத்தில் எடுத்தார்கள், கொஞ்சம் கீழே மெத்தை போட்ட மேடை இருந்தது. ஆனால் 1919இல் போட்டோ எடுக்கும்போது கையிலிருந்த குண்டு வெடித்து லாயிட்டுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. செயற்கை விரல் வைத்த கையுறை போட்டுக்கொண்டுதான் ஏறினார். இதைச் சொல்லிவிட்டு அந்தக் கடைசி இருபது நிமிடத்தை மறுபடி போடுங்கள், யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

சாப்ளினையும் நீளப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள். 1916இல் வந்த 'தி பான்ஷாப்' போதும், அதிலும் அலாரம் கடிகாரக் காட்சி. அடகு வைக்க ஒருத்தர் கொண்டுவந்த கடிகாரத்தை டாக்டர் மாதிரி ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பார், டப்பாவைத் திறக்கிற மாதிரி அறுத்துத் திறப்பார், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்ததும் வாரி அந்த ஆளின் தொப்பியிலேயே போட்டு, வேண்டாம் என்று தலையாட்டித் திருப்பிக் கொடுப்பார். 'தி கோல்ட் ரஷ்' போடுவதாக இருந்தால் 1925 பிரதியா என்று பாருங்கள், 1942இல் சாப்ளினே பின்னணியில் பேசி வெளியிட்ட இன்னொன்றும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, கண்ணால் பார்ப்பதை எதற்குக் காதிலும் சொல்ல வேண்டும்?

நடுவில் வரும் எழுத்து அட்டைகளை ஒருத்தர் மட்டும் தமிழில் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்னொன்று, எதையும் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகள் சில படங்களில் உண்டு, கீட்டனிடமும் உண்டு. பிள்ளைகளோடு பார்க்கும்போது திடீரென வந்தால் திணறுவீர்கள்.

கடைசியாக லாரல், ஹார்டி என்ற காமெடி ஜோடியின் 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. பேசும் படம்தான், ஆனால் வசனம் புரியாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு பியானோ, நீண்ட படிக்கட்டு, இரண்டு பேர், அரை மணி நேரம். படாத பாடுபட்டு மேலே கொண்டுபோய்ச் சேர்த்ததும், இந்தப் பக்கம் ரோடு இருக்கிறதே என்று தபால்காரர் சொல்வார், உடனே இருவரும் பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி ரோடு வழியாக ஏற்றுவார்கள். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் இருக்கிறது. இதைப் பார்த்த அன்று அம்மா, எங்கள் பழைய வீட்டில் மாமாவும் சித்தப்பாவும் பீரோவை மாடிக்கு ஏற்றிய கதையை நடித்தே காட்ட ஆரம்பித்துவிட்டார். அதனால் படத்துக்கு அரை மணி, பீரோவுக்கு ஒரு அரை மணி என்று சேர்த்தே ஒதுக்கி வையுங்கள்.