சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்கும் முறை

இலங்கையின் வடக்கே, வன்னியில் துணுக்காய்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் 1 முதல் 11 வரை 94 பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னுடைய இரண்டு மகள்மாரும் அங்கேதான். ஆறு வருடமாக பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். வன்னியில் இப்போதுதான் இந்தப் பொறுப்பை எடுத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். படிப்பிக்கத் தேவையான சாமான் வாங்க அரசாங்கம் தரும் "தர உள்ளீட்டு நிதி" பிள்ளைகளின் தொகையையும் அவர்கள் படிக்கும் தரத்தையும் பார்த்தே வருகிறது. ஆனால் 94 பிள்ளைக்கும் தண்ணீர் இறைக்க ஒரு மோட்டர் வேண்டும், 900 பிள்ளைக்கும் ஒரு மோட்டர் வேண்டும். அதனால் சின்னப் பள்ளிக்கூடம் அந்த நிதியை மட்டும் நம்பியிருக்க முடியாது. மற்றக் காசுகளைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

எந்தத் தேவைக்கு எந்தக் காசு என்று பிரித்துப் பாருங்கள். தாள், ரோனர், ஆய்வுகூடச் சாமான் எல்லாம் தர உள்ளீட்டுக்குள் அடங்கும். கட்டடம், மலசலகூடம், கிணறு என்றால் மூலதனச் செலவு. அதற்கு மாகாண அபிவிருத்தி நிதி, அல்லது பாராளுமன்ற உறுப்பினர் ஊர் வேலைகளுக்குச் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. வேலி அடைப்பதும் வளவு துப்புரவாக்குவதும் ஊரார் சேர்ந்து செய்யும் சிரமதானத்தில் முடியும். எங்கள் கிராமப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள மாகாணப் பாடசாலைகள். ஆகவே கடிதம் கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், பிறகு யாழ்ப்பாணத்திலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களம் என்ற வழியில் போக வேண்டும். நாங்கள் அவசரத்தில் நேரே கொழும்பு அமைச்சுக்கு எழுதினோம். அது மாதக்கணக்கில் சுற்றி, கடைசியில் எங்கள் வலயத்துக்கே வந்து சேர்ந்தது.

கடிதம் எழுதுவதில்தான் நான் அதிகம் படித்தேன். பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக் கூரை காற்றில் போனபோது, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இடம்பெயர்ந்ததையும் 2009-க்குப் பிறகு திரும்பி வந்து மரத்தடியில் வகுப்பு நடத்தியதையும் எழுதியிருந்தேன். எல்லாம் உண்மை, ஆனால் பதிலில்லை. இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்: "தரம் 6-க்கு மேல் பெண் பிள்ளைகள் 31 பேர். பாவிக்கக்கூடிய மலசலகூடம் ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள்." அதோடு நான்கு படமும், சங்கக் கூட்டத் தீர்மானத்தின் பிரதியும். என் மூத்தவளே தண்ணீர்ப் போத்தலை நிறைந்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை. அதைப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதினேன். இரண்டு கிழமையில் ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளந்தார்.

காசும் ஒதுக்கினார்கள், வந்தது ஐப்பசியில். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும். மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஒழுங்கைக்குள் மணல் லொறி வராது. அரசாங்கத்தின் நிதியாண்டோ மார்கழி (டிசம்பர்) 31-ஓடு முடிகிறது. விலைமனு எடுக்கவே மூன்று கிழமை போய்விட்டது. காசு திரும்பிப் போனது, பிள்ளைகள் இன்னொரு வருடம் அந்த ஒரு மலசலகூடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அன்று அழுதேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அடுத்த வருடத்துக்கான தேவையை இந்த வருடம் ஆனிக்குள் எழுதிக் கொடுங்கள். ரீ.ஓ.வின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேலையைச் சங்கத்திடமே தருவதென்றால் எந்தக் கடை, எந்த மேசன் என்று முன்பே கதைத்து வையுங்கள். தை பிறந்ததும் வலயத்துக்குப் போய், எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரில் என்ன ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். முதலில் வாயால் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் தருவார்களா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

சரி, பெற்றோரிடம் காசு சேர்ப்பது? 1945-இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். காசு தராத வீட்டுப் பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிக்கவே கூடாது. நான் இருக்கும் வரை அதை விடமாட்டேன். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் கேளுங்கள். இயலாதவர்கள் ஒரு நாள் வேலை செய்து கொடுக்கட்டும். நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் மனதோடு உதவுகிறார்கள். எங்களுக்குக் கனடாவிலிருந்து பத்துக் கணினி வந்தது. மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் மூன்றாம் மாதமே அந்த அறையைப் பூட்டினோம். இப்போது யார் பொருள் தர வந்தாலும், இரண்டு வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கேட்கிறேன். யாரும் கோபிக்கவில்லை. காசு தனியாள் கணக்குக்கு வரக் கூடாது, சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வேலை முடிந்ததும் சிட்டையையும் படத்தையும் அனுப்பிவிடுங்கள்.

மலசலகூடம் அடுத்த வருடம் ஆவணியிலேயே கட்டி முடிந்தது. இந்த வருடம் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டும் மூடியும் கேட்டிருக்கிறோம். ரீ.ஓ. அளந்துவிட்டுப் போனார், மூன்று விலைமனுவும் கோப்பில் இருக்கின்றன.