தாய்லாந்துக்குப் போகும் தம்பிமாருக்கு: அந்த மூன்றாம் நாள் இரவு பறிகொடுக்காமல் வருவது எப்படி

சுவிசிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணனால் இங்கே இலங்கைக்கு வர முடியாது. அகதி வழக்கு முடிந்திருக்காது, முடிந்திருந்தாலும் வரப் பயமாக இருக்கும். அதனால் "தாய்லாந்துக்கு வாங்கோ, அங்கே சந்திப்பம்" என்று டிக்கெட் போட்டு அனுப்புவார். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று எங்கள் பக்கத்துச் சனத்தில் பலர் முதன்முதலாக வெளிநாடு பார்ப்பது இப்படித்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு தாய் தன் மகனைக் கட்டிப்பிடித்து அழுவதற்குக் கிடைத்த இடம் அது. முதல் இரண்டு நாள் குடும்பத்தோடு போகும். மூன்றாம் நாள் இரவு அம்மாவை ஹோட்டல் அறையில் படுக்கவிட்டு, மச்சான்மார் எல்லாரும் "சும்மா ஒரு சுற்று" என்று பாங்கொக்கில் பார்கள் நிறைந்த பட்பொங் பக்கமோ, வான் பிடித்துப் பட்டாயாவுக்கோ வெளிக்கிடுவார்கள். நான் எழுதுவது அந்த மூன்றாம் நாளைப் பற்றி.

என் கதையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். 2018இல் அண்ணனைப் பார்க்கப் போனபோது நாங்கள் நான்கு பேர் ஒருவன் நீட்டிய அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு மாடிப்படியில் ஏறினோம். "ஷோ இலவசம், பியர் மட்டும் நூறு பாத்" என்று அதில் இருந்தது. உள்ளே இருந்தது இருபது நிமிடம்கூட இருக்காது. எழும்பும்போது பில் 9,000 பாத். நாங்கள் கேட்காத குடிவகை, பெட்டைகள் குடித்தது, ஷோ பார்த்த காசு என்று நீளத்துக்கு எழுதியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேர் நின்றார்கள். கொடுத்துவிட்டு இறங்கினோம். அண்ணன் ஒரு சொல்லும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று வருடம் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கரடிப்போக்குச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றார்கள். அன்றைக்கு விளங்கியது, அந்த ஆட்கள் கடை வைத்திருப்பது எங்கள் வெட்கத்தை முதலாகப் போட்டுத்தான். இவன் வீட்டில் சொல்லமாட்டான், பொலிசுக்குப் போகமாட்டான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கீழே எழுதியிருக்கும் எல்லாம் அவர்களின் அந்த முதலீட்டைப் பிடுங்குகிற வழிதான்.

வெளிக்கிடும் முன்னரே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குப் போகும் எல்லாரும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவையும் கையில் காகிதமாக வைத்திருங்கள், குடிவரவில் கேட்கக்கூடும். கடவுச்சீட்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, கூட வருகிற ஒருவரின் போனுக்கும் வீட்டில் இருக்கும் ஒருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வவுனியா அலுவலகத்தில் வரிசையில் நின்று எடுத்த சீட்டு அது. மோட்டார் சைக்கிளுக்கோ, கடலில் ஓட்டும் தண்ணி ஸ்கூட்டருக்கோ (ஜெட் ஸ்கி) பிணையாகக் கேட்டால் கொடுக்கவே கூடாது. பட்டாயாக் கடற்கரையில் தண்ணி ஸ்கூட்டரை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் "கீறிப்போட்டாய்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பது பழைய தொழில். ஏறத்தான் வேண்டுமென்றால் முதலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள்.

விசா நாளை ஒருபோதும் தாண்டாதீர்கள். நாளுக்கு 500 பாத், ஆகக்கூடியது 20,000 பாத் தண்டம் என்று கணக்குப் பார்த்து "கட்டிப்போட்டு வரலாம்" என்பவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் நீங்களே போய்க் கட்டுவது வேறு. தெருவில் பிடிபட்டால், நாள் தாண்டியது ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. 1951 அகதிகள் சாசனத்தில் தாய்லாந்து ஒப்பமிடவில்லை, பிடித்தால் பாங்கொக்கின் சுவான் புளு குடிவரவுத் தடுப்பு முகாம்தான். 2009இல் எங்கள் நாட்டுச் சண்டை முடிந்து, இங்கத்தைய அகதி முகாமிலிருந்து வந்த கையோடு அந்த ஊரில் ஒளித்திருந்தவர்களில் நானும் ஒருவன். 2010இல் எங்கள் சனம் 492 பேரோடு கனடாவில் போய் இறங்கிய சன் சீ கப்பல் தாய்லாந்துப் பக்கமிருந்துதான் வெளிக்கிட்டது. அதில் இடம் கிடைக்காத எத்தனையோ பேர் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். பிள்ளைகளே, அந்த முகாமுக்குள் போவதற்கு ஒரு காரணத்தையும் நீங்கள் உண்டாக்காதீர்கள்.

சரி, இரவுக்கு வருவோம்.

பாங்கொக்கில் பட்பொங், நானா, சோய் கவ்போய், பட்டாயாவில் வோக்கிங் ஸ்ட்ரீட், இவைதான் பாலியல் தொழில் நடக்கும் தெருக்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை ஓய்வுக்கு அனுப்பிய காலத்தில் பெருத்த தொழில் இது, பட்டாயா அதற்கு முன் வெறும் மீன்பிடிக் கிராமம். எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறதைப் பார்த்துவிட்டு அங்கே இது சட்டப்படி சரி என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொழில் அங்கே தடைதான், கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஏமாற்றுகிறவனுக்குத் துணிவு, ஏமாந்தவனுக்குப் பயம். ஆனால் உங்களை அடைத்து வைத்துக் காசு பறிப்பதும் அறையில் களவெடுப்பதும் அங்கே குற்றம்தான். அதை முறையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சுற்றுலாப் பொலிஸ் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். சாதாரணப் பொலிஸ் 191, அம்புலன்ஸ் 1669. மூன்றையும் போனில் பதியாமல் ஹோட்டல் படி இறங்காதீர்கள்.

மாடிக்கு ஏறாதீர்கள். இதை ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்கிறேன், தெருவில் அட்டையோடு நிற்பவன் கூப்பிடும் மாடிக்கு ஏறவே ஏறாதீர்கள். திறந்த பியர் பார்களில் நீங்கள் குடிப்பதற்கான பில் துண்டுகளை உங்கள் முன்னால் ஒரு சின்னக் கோப்பையில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பாருங்கள், அது ஒரு குறையும் இல்லை, அந்த ஊர்க்காரரும் பார்க்கிறார்கள்தான். பக்கத்தில் வந்திருக்கும் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கும் குடிவகைக்கு விலை கூட, அதில் ஒரு பங்கு அவளுக்கு. அவளை வெளியே கூட்டிப்போவதென்றால் கடைக்குத் தனியாகக் காசு. எதற்கும் ஓம் என்று தலையாட்ட முதல் எவ்வளவு என்று கேளுங்கள். பில் பொய்யாக வந்தால் கத்த வேண்டாம், கைநீட்டவே வேண்டாம், தனி ஆளாகவும் போகாமல் எல்லாரும் வாசல் பக்கமாக நின்றுகொண்டு 1155க்கு அடியுங்கள். போனை எடுக்கவே விடாமல் சூழ்ந்துகொண்டால் கொடுத்துவிட்டு இறங்குங்கள், உயிரை விடக் காசு பெரிதில்லை. பிறகு நேராகச் சுற்றுலாப் பொலிசிடம் போங்கள். இப்படிப் போனவர்களுக்குக் காசில் ஒரு பகுதியாவது திரும்பிக் கிடைத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

குடிப்பவர்கள் போத்தலை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு பழைய கிளாஸைத் தொடாதீர்கள். நித்திரைக் குளிசை கலந்து கொடுத்துவிட்டு, விடியும்போது போன், சங்கிலி, காசு எல்லாவற்றோடும் போய்விடுவார்கள். இரண்டு பியரில் கால் தடுமாறி நாக்குக் குழறினால் அது பியர் இல்லை, உடனே கூட வந்தவனிடம் சொல்லுங்கள். விலை குறைந்த சாராயமும் ஆபத்து. 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோசின் வாங் வியெங்கில் மெதனோல் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். கசிப்பில் கண்பார்வை போனவர்களின் கதை எங்களுக்குப் புதிதில்லை, இதுவும் அதே நஞ்சுதான். அடுத்த நாள் பார்வை மங்கினாலோ பனிமூட்டம் போலத் தெரிந்தாலோ "வெறி முறியவில்லை" என்று படுத்துக்கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அறைக்கு ஆள் வந்தால் ஹோட்டல் வரவேற்பில் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைப்பது பல இடங்களில் வழக்கம். பின்கதவால் கூட்டிப்போவது கெட்டித்தனம் என்று நினைக்காதீர்கள், அந்த அட்டை உங்களுக்கும் காவல், அவளுக்கும் காவல். அந்த அட்டையில் பிறந்த ஆண்டும் இருக்கும். தாய் ஆண்டுக்கணக்கு எங்களுடையதைவிட 543 கூட, 2550 என்று இருந்தால் 2007. இதில் ஒரு மயக்கமும் வேண்டாம். பதினெட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை என்றால் அவள் சம்மதித்தாளா என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை, காசு கொடுத்தவனுக்குச் சிறை. கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியாக் குடியுரிமை உள்ள மச்சான்மாரை ஊர் திரும்பிய பிறகும் அந்தந்த நாட்டு நீதிமன்றமே விசாரிக்கலாம். அங்கே இரவுக் கேளிக்கை இடங்களுக்குள் நுழையவே இருபது வயது வேண்டும், அதனால் வயது குறைந்த பிள்ளையை ஒருவன் காட்டுகிறான் என்றால் அவன் தெரிந்துதான் செய்கிறான். விலகி வருவது மட்டும் போதாது. 1300 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது, பெயர் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லலாம்.

அந்தப் பெண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஒளித்திருந்த காலத்தில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தட்டில் இருந்தவர்களில் பலர் ஈசான் என்று சொல்லும் வடகிழக்குப் பக்கத்துக்காரர். மழையை நம்பி விதைக்கிற மண், மழை பொய்த்தால் கடன், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணி எட்டாத பக்கத்து வயலையும், நுண்கடன்காரன் வாசலில் நிற்பதையும் தெரிந்த எனக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் கணவனை இழந்த பெண்களைப் பார்த்து வெளியூர்க்காரன் ஒருவன் விலை பேசினால் உங்களுக்கு இரத்தம் கொதிக்காதா? 1985இல் பட்பொங்கில் தொடங்கிய எம்பவர் என்ற அமைப்பு இந்தப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்கிறது, அவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்ததே வாடிக்கையாளரிடம் ஏமாறாமல் பேசத்தான். ஏமாறுவது நாங்கள் மட்டும் இல்லை. பேசிய காசைக் குறைக்காதீர்கள், "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான், படம் எடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், அழுகிற, பயந்திருக்கிற, கடவுச்சீட்டு முதலாளியிடம் இருக்கிறது என்று சொல்கிற பெண் என்றால் அவள் அடைபட்டவள். அதற்கும் அதே 1300தான்.

அப்புறம் போனில் வரும் பொறி. டெலிகிராமிலோ பேஸ்புக்கிலோ ஒரு வடிவான பிள்ளை கதைப்பாள், பாங்கொக்கில் கணினி வேலை, மாதம் ஆயிரம் டொலர் என்பாள். வான் வந்து ஏற்றும், மே சொட் எல்லையில் மோய் ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவடியில் விட்டுவிடும். எங்கள் நாட்டுப் பொடியன்கள் அங்கே அடைபட்டு அடிவாங்கியது செய்திகளில் வந்ததுதான். சுற்றுலா விசாவில் வேலை தருகிறேன் என்பவன் எவனோடும் வாகனத்தில் ஏறாதீர்கள். இன்னொன்று, வீடியோ அழைப்பில் உடுப்பைக் கழற்ற வைத்துப் பதிந்துவிட்டு, நீங்கள் கிளிநொச்சிக்கு வந்த பிறகு "மனிசிக்கு அனுப்புவேன்" என்பது. ஒரு சதமும் போடாதீர்கள், ஒரு தரம் போட்டவனிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். செய்திகளைப் படமெடுத்து வைத்துவிட்டுத் தடை செய்யுங்கள், பேஸ்புக்கில் நண்பர் பட்டியலை மறையுங்கள், சிஐடியின் கணினிக் குற்றப் பிரிவில் முறையிடுங்கள். முறையிட முதல் மனிசிக்கு நீங்களே சொல்லிவிட்டால் அவன் கையில் ஒன்றும் இல்லை. சொல்வது கஷ்டம்தான், அந்த ஒரு இரவு கஷ்டம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை அங்கேயிருந்து எடுத்து "அம்மா, காசு போயிட்டுது" என்றால் எங்கே, எவளோடு, ஏன் என்று அப்போது கேட்காதீர்கள். "நீ பத்திரமோ, பக்கத்தில ஆர் நிக்கினம்" என்று மட்டும் கேளுங்கள். கடவுச்சீட்டும் போய்விட்டால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு எடுக்க வேண்டும், பிறகு பாங்கொக்கில் உள்ள இலங்கைத் தூதரகம். நீங்கள் போனில் வைத்திருக்கும் அந்தப் படம் அங்கேதான் உதவும்.

கடைசியாக உடம்பு. ஆணுறையை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், வெறியில் தேட முடியாது. கிழிந்துவிட்டால், அல்லது போடவே இல்லை என்றால், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். பாங்கொக்கில் ராஜதம்ரி வீதியில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளினிக் இருக்கிறது, பெயர் சொல்லாமலே போகலாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்றால் கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு பாருங்கள், ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று முறிகண்டியில் கச்சான் வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள், அந்த மணித்தியாலங்கள் திரும்பி வராது. ஒன்றும் கிழியவில்லை என்றாலும் ஆறு ஏழு கிழமை கழித்து ஒரு இரத்தப் பரிசோதனையும் மூன்று மாதத்தில் இன்னொன்றும் செய்துகொள்ளுங்கள், மனிசியோடு சேர முதல். எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, இலவசம், விபரம் வெளியே போகாது. தெரிந்த முகம் நிற்குமோ என்று கூச்சமாக இருந்தால் கிளிநொச்சியில் இருப்பவர் வவுனியாவுக்குப் போகலாம், வவுனியாவில் இருப்பவர் அனுராதபுரத்துக்குப் போகலாம். பஸ் காசு மட்டும்தான் செலவு.