பழைய கம்பெனிக்கு பில் போடும்போது சறுக்கும் இடங்கள்

வீடு கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம். வேலை பார்த்தது கோவை குறிச்சியிலோ மலுமிச்சம்பட்டியிலோ ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில். வேலையை விட்டு, தனியாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கி நாலு மாதம் ஆனதும் அங்கிருந்தே போன் வரும்: "தம்பி, அந்தப் பழைய இம்பெல்லர் டிராயிங்ல சின்ன மாத்தம் ஒண்ணு. நம்ம கம்பெனிதானே, பார்த்துப் போட்டுக்குங்க." (இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்.) எதிரில் பேசுபவருக்கு உங்கள் பழைய சம்பளம் பைசா சுத்தமாகத் தெரியும். நீங்களும் அதையே மனதில் வைத்துக் கணக்குப் போட்டால், பேரம் தொடங்கும் முன்பே தோற்றாயிற்று.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: மாதம் 40,000 வாங்கினேன், 26 நாளால் வகுத்தால் 1,538, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 192 ரூபாய், சரி, 200 என்று சொல்லிவிடுவோம். தவறு வகுத்தலில் இல்லை, எதை வகுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஆண்டுச் சம்பளம் 4,80,000. கம்பெனி தன் பங்காகக் கட்டிய பிஎஃப், 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று வைத்தால், ஆண்டுக்கு 21,600. பேசிக் 20,000 என்றால் கிராஜுவிட்டியில் ஆண்டுக்குச் சேர்வது சுமார் 11,500. இனி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய மருத்துவக் காப்பீடு, லேப்டாப் தேய்மானம், சாஃப்ட்வேர் சந்தா, நெட், யுபிஎஸ், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து 90,000 என்று வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 6,03,000. இனி நாட்கள்: 365இல் ஞாயிறு 52, பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் என 25 போக 288. கொட்டேஷன், பாக்கி வசூல், புது வேலை தேடல் எல்லாம் இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பில் போடக்கூடிய நாள் 170 கிடைத்தாலே நல்லது. வகுத்தால் நாளுக்கு 3,550, ஆறு மணி நேர வேலைக்கு மணிக்கு 590. வேலை இல்லாத மாதத்துக்கும் இடம் விட்டு 650 என்று வைப்பது நியாயம். சாஃப்ட்வேர் லைசென்ஸை கம்பெனியே தருகிறதென்றால் கொஞ்சம் குறைக்கலாம்.

ஆனால் இந்த 650ஐ அப்படியே எதிராளியிடம் சொல்லாதீர்கள். அது உங்களுக்கான அடிமட்டக் கணக்கு மட்டுமே. பழைய கம்பெனி வேலையில் மணிக்கணக்கில் விலை பேசினால் உங்கள் அனுபவமே உங்களுக்கு அபராதம் ஆகிவிடும். எந்த ஃபோல்டரில் எந்த ரிவிஷன் இருக்கிறது என்று தெரிந்த நீங்கள் நாலு மணி நேரத்தில் முடிப்பதை, புதிதாகச் சேர்ந்தவர் புரிந்துகொள்ளவே ஒன்றிரண்டு நாள் ஆகும்.

'வேன் (இம்பெல்லரின் இதழ்) தடிமன் மட்டும் மாத்தணும்' என்பதையே எடுத்துக்கொள்வோம். மாடலில் அளவை மாற்ற இருபது நிமிடம். மூடிய இம்பெல்லரில் வேன்களுக்கு உருவம் தருவது வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணல் அச்சு, அதாவது கோர். ஆகவே அந்தக் கோரைச் செய்யும் பெட்டியான கோர் பாக்ஸ் டிராயிங்கும் மாற வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதால் சுமார் ஒரு சதவீதம் சுருக்க அளவைச் சேர்க்க வேண்டும். வேன் தடித்தால் நீர் போகும் வழி குறுகும், அதைச் சரிபார்க்க வேண்டும். எடை மாறும், பொருள் பட்டியல் மாறும், ரிவிஷன் எண் ஏறும். நாலு மணி நேரம் போய்விட்டது. அடிமட்டக் கணக்கில் 2,600 வரும். வேலைக்கு மொத்தமாக 4,000 என்று சொல்லி, ஒரு திருத்தம் இதில் அடக்கம், இரண்டாவதிலிருந்து தனி என்று மெயிலில் எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன திருத்தக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது.

பழகிய இடம், சலுகை கொடுக்காமல் எப்படி என்று தோன்றும். கொடுங்கள். ஆனால் 3,500 என்று பில் போடாமல், 4,000 போட்டு, கீழே தள்ளுபடி 500 என்று தனி வரியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் உங்கள் விலையே 3,500தான்.

மாதம் ஒரு தொகை தருகிறோம் என்பார்கள். எத்தனை மணி நேரம், மிஞ்சியது அடுத்த மாதம் சேருமா, கூடினால் என்ன விலை என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை. விடுமுறையையும் எழுதுங்கள்: திருவோணத்தன்று அங்கே ஷிஃப்ட் ஓடும், பொங்கலன்று உங்களுக்கு அவசரமாக ஒரு விவரம் தேவைப்படும், அங்கே ஆள் இருக்காது. 'ரெண்டு நிமிஷ' போன் சந்தேகங்களுக்கு மாதம் இத்தனை என்று வரம்பு வையுங்கள். நேரில் வரச் சொன்னால் போய்வரும் நேரமும் சேர்த்து ஒரு நாள் கணக்குத்தான்.

எல்லை தாண்டி பில் போனாலே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பயப்படுபவர்கள் இங்கே நிறைய. சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, வாடிக்கையாளர் வேறு மாநிலமாக இருந்தாலும் பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. பதிவில்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கக்கூடாது. பதிவுள்ளவர் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் பில்லுக்கான ஜிஎஸ்டி) போட வேண்டும். கொட்டேஷனிலேயே 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதாவிட்டால் அது உங்கள் பையிலிருந்துதான் போகும்.

டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்களே என்று விலையை ஏற்றுவதும் வீண். பத்து சதவீதம் பிடித்தாலும் அது உங்கள் பான் கணக்கில் நிற்கும். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியது திரும்ப வரும். பான் கொடுக்காவிட்டால் மட்டும் 20 சதவீதம் போய்விடும். வேலையை விட்டபோது வர வேண்டியிருந்த பழைய செட்டில்மென்ட் பாக்கியை இந்த பில்லோடு கலக்காதீர்கள். அது சம்பளக் கணக்கு, இது வேறு.

பணம் இழுபடும் என்று சந்தேகமிருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒத்துக்கொண்ட தேதிக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு, மாதக் கூட்டு வட்டி. உத்யம் எண்ணை பில்லின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்; அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.